காதுக்குள்ளே கூவுகிற சத்தம்: வாசகர் கேள்வி – பதில்

காதுக்குள் கேட்கும் மெல்லிய கூவலில் கவனத்தை வைத்துப் படுத்தால், உடம்பை விட்டு எழும்புவது போன்ற அனுபவம் சிலருக்கு வருவதுண்டு என்று சென்ற இதழில் ஒரு வாசகருக்கு இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தோம். அந்த இரண்டு வரிக்கு மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் அம்பாறைப் பக்கமிருந்தும் கடிதங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. சிலர் முறை கேட்கிறார்கள். சிலர் ஏசுகிறார்கள். ஒரு தாயார் அழாத குறையாக எழுதியிருக்கிறார். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் இந்த விடயத்துக்கே.

மூன்று கிழமையாக ஒவ்வொரு நாளும் இரவு பத்து மணிக்குப் படுத்து, இரண்டு காதையும் விரலால் அடைத்து உள்ளே கேட்கிற சத்தத்தைக் கவனிக்கிறேன். இடி முழங்குகிற மாதிரி வடிவாகக் கேட்கிறது. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை, நித்திரைதான் வருகிறது. எங்கே பிழை?
– வாசகர், கல்லடி

நீங்கள் பிடித்த சத்தமும் பிழை, பிடித்த நேரமும் பிழை.

சத்தத்தை முதலில் பார்ப்போம். விரலை வைத்தவுடன் கேட்கிற இடிமுழக்கம் காதிலிருந்து வருவதில்லை. விரலையும் கையையும் இறுக்கிப் பிடித்திருக்கிற தசைகள் விநாடிக்கு இருபது, இருபத்தைந்து தடவை நடுங்குகின்றன. அந்த நடுக்கம் விரல் எலும்பு வழியாக உள்ளே போய்க் கேட்கிறது. சந்தேகமென்றால் விரல் காதில் இருக்கும்போதே கையை இன்னும் இறுக்கிப் பாருங்கள், முழக்கம் கூடும். விரலை எடுத்துவிட்டு, பாமசியில் விற்கிற நுரைக் காதடைப்பானை உருட்டி வைத்துப் பாருங்கள், முழக்கம் நின்றுவிடும். அடுத்ததாக நாடியோடு சேர்ந்து 'டுப்… டுப்…' என்று ஒன்று கேட்கலாம். அது இரத்த ஓட்டம், அதையும் விடுங்கள். இரண்டும் அடங்கிய பிறகு மிஞ்சுவதுதான் நமக்கு வேண்டியது. பழைய பெட்டித் தொலைக்காட்சியைப் போட்டுச் சத்தத்தை முழுவதும் குறைத்தால் ஒரு மெல்லிய 'கீ' கேட்குமே, அந்த மாதிரி. சிலருக்கு அது சில்வண்டு இரைவது போல இருக்கும், சிலருக்குத் தூரத்தில் நீராவி சீறுவது போல. ஒன்றுக்கு மேல் கேட்டால் ஆக உயரமாக, ஆக மெல்லியதாக இருப்பதை எடுங்கள்.

அடுத்தது நேரம். இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில் உடம்புக்கு வேண்டியது ஆழ்ந்த நித்திரை. பத்து மணிக்குப் படுத்துச் சத்தத்தைக் கவனித்தால், களைத்த மூளை நேரே கிணற்றுக்குள் இறங்குவது போல அதற்குள் போய்விடும், நடுவில் நிற்க இடம் தராது. கனவு வருகிற நித்திரை ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை வரும். முதல் தடவைகளில் அது சில நிமிடந்தான். விடியப்புறம் நெருங்க நெருங்க நீளும். அந்தக் கட்டத்தில் கண்மணி வேகமாக அசையும், கனவு தெளிவாக இருக்கும், கழுத்துக்குக் கீழே தசைகள் பூட்டப்பட்டிருக்கும். மனம் விழித்திருக்க, உடம்பு அந்தப் பூட்டுக்குள் போகிற வாசலைத்தான் நாம் தேடுகிறோம். கூவல், அந்த வாசல்வரை மனம் நழுவாமல் போகப் பிடித்துக்கொள்கிற கயிறு. வெளியே கொண்டுபோவது கூவல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கொண்டுபோவது நித்திரையின் ஓரம். மூச்சைக் கவனித்தும், ஒன்று இரண்டு என்று எண்ணியும் அங்கே போகிறவர்கள் இருக்கிறார்கள். கூவலுக்கு ஒரேயொரு வசதி, அதை நீங்கள் உண்டாக்கத் தேவையில்லை, தானாகவே இருக்கும்.

இனிச் செய்முறை. மறுநாள் வேலையோ நீண்ட பயணமோ இல்லாத ஓர் இரவைத் தெரிந்தெடுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு பிளேன்டீயும் கோப்பியும் வேண்டாம். பத்து மணிக்குப் படுத்தால் அலாரத்தை மூன்று, மூன்றேகாலுக்கு வையுங்கள். அதாவது ஐந்து மணித்தியால நித்திரையாவது முடிந்திருக்க வேண்டும். எழும்பி, பாயை விட்டு வெளியே வாருங்கள். சிறுநீர் கழித்து, இரண்டு மிடறு தண்ணீர் குடித்து, மங்கலான வெளிச்சத்தில் இருபது முப்பது நிமிடம் இருங்கள். போனைத் தொடாதீர்கள். திரை வெளிச்சம் விழிப்பை அதிகமாக ஏற்றிவிடும், பிறகு விடியும்வரை கொட்டக்கொட்ட முழித்திருக்க வேண்டியதுதான்.

மறுகா வந்து, நுளம்புவலையை வடிவாகச் செருகிவிட்டு மல்லாந்து படுங்கள். ஒரு நுளம்பு உள்ளே இருந்தாலும் அன்றைய முயற்சி அதோடு முடிந்தது. தலைக்கு வழமையைவிட ஒரு தலையணை கூட வையுங்கள். தட்டையாகப் படுத்தால் எச்சில் தொண்டையில் சேரும், விழுங்க வேண்டி வரும். ஒரு தடவை விழுங்கினால் ஐந்து நிமிடம் பின்னால் போய்விடுவீர்கள். மல்லாந்து படுத்தால் குறட்டை விடுகிறவர்கள், தாங்கள் வழமையாகப் படுக்காத பக்கம் திரும்பிப் படுக்கலாம்.

உடம்பைக் கால் விரலிலிருந்து தளர்த்திக்கொண்டு வாருங்கள். தாடையில் கொஞ்சம் நில்லுங்கள், பற்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. பல்லைக் கடித்தாலோ கழுத்தை இறுக்கினாலோ கூவல் உயர்ந்து கேட்கும். தாடை, கழுத்து நரம்புகளுக்கும் கேட்கிற நரம்பின் மையங்களுக்கும் மூளைத்தண்டில் தொடர்பு இருப்பதால் அப்படி. அதை முன்னேற்றம் என்று எண்ணி இன்னும் இறுக்குகிறவர்கள் விடியும்போது தலையிடியோடுதான் எழும்புவார்கள்.

பிறகு கூவலைக் கேளுங்கள். அதை உற்றுக் கேட்காமல், அடுத்த அறையில் யாரோ கதைப்பது காதில் விழுகிறதே, அந்த அளவுக்குக் கேட்டால் போதும். சில நிமிடத்தில் கண்ணுக்குள் அரைகுறைப் படங்கள், சம்பந்தமில்லாத வசனங்கள் வரத் தொடங்கும். அவற்றை விரட்டவும் வேண்டாம், பின்னால் போகவும் வேண்டாம். சத்தம் பின்னணியில் ஓடட்டும். கை கால் எங்கே இருக்கிறதென்று தெரியாமற் போகும். அதன் பின்பு திடீரெனக் கூவல் பருத்து, பக்கத்து வீட்டு ஜெனரேற்றர் தலைக்குள் ஓடுவது போல இரையும். கரண்ட் பட்டது போல உடம்பு முழுவதும் அதிரும். பார்க்கிறவருக்கு உடம்பு அசையாமல்தான் கிடக்கும். பலர் கண்ணைத் திறப்பது இந்த இடத்தில்தான். இதயம் படபடப்பது போலிருக்கும், மூச்சு நின்றுவிட்டது போலிருக்கும். நிற்கவில்லை, உதரவிதானம் அந்தப் பூட்டுக்குள் அடங்காது.

அதிர்வு சமமாக ஓடத் தொடங்கியதும், பாயில் பக்கவாட்டாக உருளுவது போலவோ, சிறுநீர் கழிக்க எழும்புவது போலவோ எழும்புங்கள். தசையால் இல்லாமல், எழும்புகிற உணர்வால். தசை இழுத்தால் நிசமாகவே எழும்பி உட்கார்ந்திருப்பீர்கள், கதை முடிந்தது. உணர்வால் எழும்பினால் அறையில் நிற்பது போலிருக்கும். முதலில் இருட்டாக இருக்கலாம். கையைக் கையோடு தேயுங்கள், சுவரைத் தொடுங்கள், பார்வை வரும். கட்டிலில் கிடக்கிற உங்களைத் திரும்பிப் பார்க்க அவசரப்பட வேண்டாம், அந்தப் பயமே பெரும்பாலும் ஆளை எழுப்பிவிடும். பெரும்பாலானவர்களுக்கு முதல் தடவை சில விநாடிகள், கூடினால் ஓரிரு நிமிடம். போதுமென்றால் கால் பெருவிரலை அசைக்க முயலுங்கள், அல்லது மூச்சை நீளமாக வெளியே விடுங்கள்.

அரை மணித்தியாலத்துக்குள் ஒன்றும் வராவிட்டால் விட்டுவிட்டுத் தூங்குங்கள். முயற்சியைக் கைவிட்டு, மறுபடி கண் விழிக்கிற அந்தக் கணத்தில் அதிர்வு தானாக வந்து நிற்பது அடிக்கடி நடக்கும். கிழமைக்கு இரண்டு இரவுக்கு மேல் வேண்டாம். நித்திரை கெட்ட கண்ணோடு காலையில் மோட்டார் சைக்கிள் எடுக்கவே வேண்டாம்.

கல்முனை வெக்கைக்குப் பேன் இல்லாமல் படுக்க ஏலாது. பேன் இரைச்சலில் காதுச் சத்தம் கேட்காதே?
– வாசகி, கல்முனை

கேட்கும். பேன் சத்தம் தடித்தது, கூவல் மெல்லியது, உயரமானது. பேனைக் குறைந்த வேகத்தில் வைத்து, காற்று முகத்தில் படாமல் காலில் படும்படி திருப்பிவிடுங்கள். முகத்தில் காற்றுப் பட்டால் உடம்பு மறக்காது. எங்களைக் கேட்டால், முழு நிசப்தத்தைவிட மெல்லிய பேன் சத்தம் நல்லது. ஏன் என்பது களுவாஞ்சிகுடித் தாயாருக்கான பதிலில் இருக்கிறது.

வலது காதுச் சத்தத்தைத்தான் கேட்க வேண்டும், இடது காதில் கேட்டால் கூடாது என்கிறார்களே?
– வாசகர், ஏறாவூர்

வலது காதில் கேள் என்பது ஹடயோக நூல்களில் வருகிற விதி. அந்த மரபில் பயில்கிறவர்கள் அப்படியே செய்யட்டும். நாம் சொல்கிற நித்திரை ஓரத்து வேலைக்குக் காது எதுவானாலும் ஒன்றுதான், பலருக்குச் சத்தம் தலையின் நடுவில் இருப்பதாகவே படும். இன்னொன்று முக்கியம். முன்பு இல்லாமல் ஒரு காதில் மட்டும் புதிதாக இரைச்சல் தொடங்கினால் அது தியானத்துக்கான சத்தம் இல்லை, வைத்தியருக்கான சத்தம். அதோடு அந்தக் காதில் கேட்கும் திறனும் திடீரெனக் குறைந்திருந்தால் அடுத்த நாள் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாளுக்குள் வைத்தியம் தொடங்கினால் கேட்கும் திறன் திரும்புகிற வாய்ப்புக் கூட.

திருமூலர் சொன்ன பத்து நாதங்களும் நீங்கள் சொல்கிற காது இரைச்சலும் ஒன்றா? சித்தர் வழியை இரைச்சல் நோயோடு சேர்ப்பது சரியாகப் படவில்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைதீவு

கோபம் நியாயமானது ஐயா. திருமந்திரம் அடுக்குகிற பத்தும் மணி, கடல், யானை, குழல், மேகம், வண்டு, தும்பி, சங்கு, பேரிகை, யாழ். பதினைந்தாம் நூற்றாண்டின் சுவாத்மாராமர் ஹடயோகப் பிரதீபிகையில் இதே சங்கதியைப் படிமுறையாக வைக்கிறார். முதலில் கடல், இடி, முரசு போன்ற பெருஞ்சத்தங்கள், நடுவில் மத்தளம், சங்கு, மணி, கடைசியில் கிண்கிணி, குழல், வீணை, வண்டு. பருமனிலிருந்து நுண்மைக்குப் போ என்பதுதான் விதி. கல்லடித் தம்பிக்கு இடிமுழக்கத்தை விட்டு மெல்லிய கீச்சைப் பிடியுங்கள் என்று எழுதினோமே, அதே திசை.

சத்தத்தின் மூலம் ஒன்றா என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான் என்பது எங்கள் எண்ணம். 1953இல் அமெரிக்காவில் ஹெல்லர், பேர்க்மன் என்கிற ஆய்வாளர்கள் காது நன்றாகக் கேட்கிற 80 பேரைச் சத்தம் புகாத அறையில் தனித்தனியே இருத்திப் பார்த்தார்கள். காதில் நோய் எதுவும் இல்லாத அவர்களில் 94 சதவீதத்தினர் ஏதோவொரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள், மணி, வண்டு, இரைச்சல் என்று. நிசப்தத்தில் மூளை தன் கேட்கிற கருவியின் உணர்வை ஏற்றிக்கொள்கிறது, நரம்புகளின் சொந்தச் சலசலப்பு அப்போது காதில் விழுகிறது. மட்டக்களப்பு வாவியில் பாடுமீனின் சத்தம் கேட்கப் போகிறவர்கள் முழுநிலா இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மறு நுனியில் காதை வைப்பார்கள். பாலத்தில் வாகனம் ஓடினால் ஒன்றும் கேட்காது. இதுவும் அப்படித்தான். நோய் என்று சொல்வது, அந்தச் சத்தம் பகலிலும் சனங்களுக்கு நடுவிலும் விடாமல் கேட்டு ஆளை வதைக்கும்போதுதான்.

ஆனால் நோக்கம் வேறு, இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறோம். நாத வழியில் மனம் சத்தத்தில் கரைந்து ஒடுங்குவதே முடிவு. உடம்பை விட்டு அறையைச் சுற்றிப் பார்ப்பது அங்கே இலக்கே இல்லை. கூடு விட்டுக் கூடு பாய்தல் அட்டமாசித்தி கேட்கிறவர்களின் கதை. படுத்துக்கொண்டு அதிர்வை வரவழைத்து வெளியே உருளுகிற முறை இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. 1971இல் அமெரிக்கரான ராபர்ட் மன்றோ தன் அனுபவங்களை எழுதிய பிறகுதான் அந்த அதிர்வுக் கட்டம் ஊருலகமெல்லாம் பேசப்பட்டது. இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியது பின்னால் வந்தவர்கள்.

திருமூலர் பட்டியலின் கடைசி நாதம் யாழ். 1947இல் யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்தது எங்களுக்குச் சந்தோசம்.

என்ட மகனுக்கு வயது பதினேழு. இதை எங்கேயோ பார்த்துவிட்டு இரண்டு மாதமாகக் காதை அடைத்துக்கொண்டு இருந்தான். இப்ப சத்தம் நிற்குதில்லை என்கிறான். நித்திரை இல்லை, படிப்பில்லை. அடுத்த வருடம் ஏ.எல். சோதனை. பூசாரியிடம் நூல் கட்டியும் பார்த்துவிட்டோம். என்ன செய்ய?
– தாயார், களுவாஞ்சிகுடி

அம்மா, முதல் வேலை, பயிற்சியை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். குறைத்துக்கொள்ளச் சொன்னால் போதாது, முழுவதும் நிறுத்த வேண்டும். மகன் பைத்தியமாகவில்லை, காதும் அநேகமாகக் கெட்டிருக்காது.

நடந்தது இதுதான். கூரையில் மழை பெய்தால் சிறிது நேரத்தில் மூளை அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். உள்ளே இருக்கிற கூவலையும் அப்படித்தான் தள்ளி வைத்திருக்கிறது. தினமும் அதைத் தேடித் தேடிக் கேட்டால், 'இது முக்கியமான சத்தம்' என்று மூளை குறித்துக்கொள்ளும். அதோடு 'இது நிற்காவிட்டால்?' என்கிற பயமும் சேர்ந்தால் காவல் நாய் மாதிரி இரவு பகல் அதையே பார்த்துக் குரைக்கும். இரைச்சலின் பருமனைவிட, மூளை அதற்குக் கொடுக்கிற இடமே ஆளை வதைக்கிறது என்று 1990இல் ஜஸ்ட்ரெபொவ் என்கிற ஆய்வாளர் விளக்கினார். இன்றைய வைத்தியமும் அந்த வழியில்தான் போகிறது. நாங்கள் சொன்ன பயிற்சியின் உண்மையான ஆபத்தும் இதுதான். ஆவி, பேய் என்று பயப்படுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதேயில்லை.

நிசப்தம் இப்போது மகனுக்கு எதிரி. படிக்கும்போதும் படுக்கும்போதும் பக்கத்தில் ஏதாவது மெல்லிய சத்தம் ஓடட்டும். பேன் போதும். ரேடியோவை இரண்டு நிலையத்துக்கு நடுவில் நிறுத்தினால் 'ஷ்' என்று ஒரு சத்தம் வருமே, அது இன்னும் நல்லது. அளவுதான் விடயம். அந்தச் சத்தம் கூவலை மூடி மறைக்கக் கூடாது, கூவலுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கேட்டுக்கேட்டுத்தான் மூளை கூவலைப் பின்னுக்குத் தள்ளப் பழகும். காதடைப்பான், ஹெட்போன் வேண்டாம். 'இப்ப கேட்குதா, குறைஞ்சிற்றா' என்று வீட்டில் ஒருவரும் கேட்கக் கூடாது. ஒவ்வொரு கேள்வியும் மகனை மறுபடி உள்ளே எட்டிப் பார்க்க வைக்கும். படுக்கிற, எழும்புகிற நேரம் ஒவ்வொரு நாளும் ஒன்றாக இருக்கட்டும். நாட்கணக்கில் மாறாது. கிழமைகள், சிலருக்கு மாதங்கள் எடுக்கும்.

அதோடு ஒரு தடவை காது மூக்குத் தொண்டைக் கிளினிக்கில் காட்டிக் கேட்கும் திறனைப் பரிசோதித்துவிடுங்கள். விரலை அடிக்கடி விட்டதில் காதுக் குறும்பி உள்ளே தள்ளுப்பட்டு அடைத்திருக்கலாம், அதுவே இரைச்சலைக் கூட்டும். பட்ஸ், கோழிச் செட்டை, ஊக்கு எதுவும் விட வேண்டாம். மகன் ஏதாவது மருந்து எடுத்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதிக அளவு அஸ்பிரின், குயினீன், ஜென்டாமைசின் ஊசி, சிறுநீர் போக்குகிற சில மருந்துகள் காதை இரைய வைக்கும். திருவிழா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றானா, சீனவெடி காதருகே வெடித்ததா என்றும் கேட்டு வையுங்கள். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணித்தியாலம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதி நேரந்தான் தாங்கும். 100 டெசிபல் என்றால் கால் மணித்தியாலம்.

இரைச்சல் நாடியோடு சேர்ந்து துடித்தாலோ, ஒரு காதில் மட்டும் இருந்தாலோ, தலைச்சுற்று, முகம் கோணல், காது கேட்பது குறைவது சேர்ந்தாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி மகன் கதைத்தால் 1926 என்கிற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு உடனே எடுங்கள்.

கட்டின நூல் இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் காதுக்குக் கெடுதி இல்லை.

வயலில் யானைக் காவலுக்குப் போய்வந்து பகலில் படுத்தால் நெஞ்சில் ஆரோ ஏறி அமுக்குறாப்போல இருக்கும். கத்தவும் ஏலாது. நீங்கள் சொல்கிற அதிர்வு இதுதானா? எங்கட ஊரில் இதை அமுக்குவான் பேய் என்பார்கள்.
– விவசாயி, அக்கரைப்பற்று

அதேதான். மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் சொல்கிற பகிடி உங்களுக்கு உண்மையிலேயே நடக்கிறது. ஒட்ட வைப்பது மந்திரவாதி இல்லை, மூளைத்தண்டு. கனவு நித்திரையின் தசைப்பூட்டுத் திறக்க முன்னர் மனம் விழித்துவிட்டது, அவ்வளவுதான். அரைக் கனவு இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் அறைக்குள் ஆள் நிற்பது போலவும், நெஞ்சில் பாரம் ஏறியது போலவும் தெரியும். மல்லாந்து படுத்தால், நித்திரை முறை தவறினால், இரவு முழித்துப் பகலில் தூங்கினால் அடிக்கடி வரும். காவல் வேலைக்காரருக்கு மூன்றும் பொருந்தும். விநாடிகளில், கூடினால் சில நிமிடத்தில் விடும். திமிறினால் பாரம் கூடும். கால் பெருவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள், கண்ணை இடம் வலமாக உருட்டுங்கள். பக்கவாட்டில் படுத்தால் குறையும்.

மற்றவர்கள் கிழமைக்கணக்காகத் தேடுகிற வாசலில் நீங்கள் சும்மாவே வந்து நிற்கிறீர்கள். விருப்பமானால் அந்த நேரம் கூவலைக் கேட்டுக்கொண்டு உருண்டு பாருங்கள். விருப்பமில்லாவிட்டால் நித்திரையைச் சரிசெய்யுங்கள். பகலில் வேலைக்கு நடுவே நின்றபடியே தூங்கி விழுகிற பழக்கமும் சேர்ந்திருந்தால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

உண்மையில் ஆத்மா வெளியே போகிறதா? ஆம், இல்லை என்று சொல்லுங்கள்.
– வாசகர், திருக்கோவில்

ஒரு சொல்லில் முடியாது. 2002இல் ஜெனீவாவில் ஓலஃப் பிளாங்கே என்கிற மூளை ஆய்வாளரின் குழுவினர் வலிப்பு நோயாளியான ஒரு பெண்ணின் மூளையில், வலது காதுக்கு மேலே சற்றுப் பின்னால் உள்ள ஓர் இடத்தில் மெல்லிய மின்சாரம் கொடுத்தார்கள். கொடுத்தபோது, கட்டிலில் கிடக்கிற தன்னை மேலிருந்து பார்ப்பதாக அவர் சொன்னார். நிறுத்தினால் நின்றது, மறுபடி கொடுத்தால் மறுபடி வந்தது. அவருக்குத் தெரிந்தது தன் காலும் இடுப்புப் பக்கமும் மட்டுந்தான். உடம்பு எங்கே இருக்கிறது, பார்வை எங்கிருந்து வருகிறது, தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற செய்திகளை ஒன்றாகக் கோக்கிற இடம் அது. கோர்வை குலைந்தால் 'நான்' உடம்புக்கு வெளியே நிற்கும்.

உட்காது இதில் வேறு வழியால் சம்பந்தப்படுகிறது. ஒரே எலும்பு வீட்டில் இரண்டு குடித்தனம். நத்தை ஓடு போன்ற பகுதி கேட்பதற்கு. பக்கத்தில் மூன்று அரைவட்டக் குழாயும் இரண்டு சிறு பைகளும், அவை சமநிலைக்கு. மிதக்கிற, சுழல்கிற உணர்வைத் தருவது இரண்டாவது குடித்தனம். 2018இல் பிரான்சில் லோப்பேஸ் குழு தலைச்சுற்று நோயாளிகள் 210 பேரையும் நோயில்லாத 210 பேரையும் கேட்டுப் பார்த்தபோது, உடம்புக்கு வெளியே போன அனுபவம் முன்னவரில் 14 சதவீதத்தினருக்கும் பின்னவரில் 5 சதவீதத்தினருக்கும் இருந்தது. ஆகவே 'காது வழியாக வெளியேறுவது' என்ற பேச்சு முழுப் பொய்யில்லை. ஆனால் இரைகிற காதைவிடச் சாய்வை அளக்கிற காதுக்குத்தான் அதில் பங்கு கூட.

நீங்களே சோதிக்க ஆசையென்றால், வீட்டில் ஒருவரை ஐந்து இலக்க எண் ஒன்றைப் பெரிதாக எழுதி, அலுமாரிக்கு மேல் முகம் மேலே பார்க்க வைக்கச் சொல்லுங்கள். யாருக்கும் தெரியக் கூடாது. வெளியே போனதும் பார்த்து வந்து, கண் விழித்தவுடன் முதல் வேலையாக எழுதி வையுங்கள். இதே யோசனையில், இதயம் நின்று பிழைத்தவர்களைப் பற்றி 2014இல் வைத்தியர் சாம் பார்னியா வெளியிட்ட ஆய்வுக்காக, ஆஸ்பத்திரிகளில் மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி தட்டுகளில் படங்கள் வைத்திருந்தார்கள். அந்தப் படங்களைக் கண்டு வந்து சொன்னவர் எவருமில்லை. எங்கள் கணிப்பில் இது கண் திறந்த கனவு. அனுபவம் பொய்யில்லை, இடந்தான் வேறு. ஆத்மா உண்டா என்பது வேறு கேள்வி, அதற்கு இந்தப் பக்கம் போதாது.

வலிப்புக்கு மாத்திரை குடிக்கிறேன். மூன்று வருடமாக வலிப்பு இல்லை. செய்யலாமா?
– வாசகி, பொத்துவில்

வேண்டாம் தங்கச்சி. நடு இரவில் நித்திரையை முறிப்பதே வலிப்பைக் கிளப்பும். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு இருந்தவர்களும், காது அடைத்து இரைந்து தலைச்சுற்று வந்து வந்து போகிறவர்களும், ஏற்கனவே கூவலால் அவதிப்படுகிறவர்களும் இதில் இறங்கக் கூடாது.

உடம்பை விட்டு வெளியேற உதவும் என்று ஒரு சத்தக் கோப்பை ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வாங்கினேன். வேலை செய்யவில்லை.
– வாசகர், வாழைச்சேனை

ஒரு காதில் விநாடிக்கு 200 அதிர்வு, மறு காதில் 206 அதிர்வு என்று சற்று வேறுபட்ட இரண்டு சுரங்களைக் கொடுத்தால், தலைக்குள் விநாடிக்கு 6 தடவை அலைவது போல ஒன்று கேட்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜேர்மனியில் டோவ என்கிற விஞ்ஞானி கண்டுபிடித்த சங்கதி இது, காசு கொடுத்து வாங்க அதில் இரகசியம் எதுவுமில்லை. இரண்டு காதிலும் தனித்தனியே போக வேண்டும், ஸ்பீக்கரில் போட்டால் பயனில்லை.  சிலருக்கு மனம் அமைதிப்பட உதவலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். போட்டால் மிக மெல்லிதாகப் போடுங்கள், அரை மணித்தியாலத்தில் தானாக நிற்கும்படி வையுங்கள். காதுக்குள் செருகுகிற சிறிய ஹெட்போனோடு இரவு முழுவதும் தூங்கினால் காதுக் குழாய் வியர்த்துப் புண்ணாகும்.

அலாரம் வைத்து மூன்று மணிக்கு எழும்பினால் வீடே எழும்புகிறது. வேறு வழி?
– வாசகர், காத்தான்குடி

சுபஹுக்கு எப்படியும் எழும்புகிறீர்கள்தானே. இரவு பத்தரைக்குள் படுத்தால் பாங்கு சொல்லும்போது ஆறு மணித்தியாலம் ஆகியிருக்கும். தொழுதுவிட்டு மறுபடி படுக்கிற அந்த ஒரு மணித்தியாலம் இதற்கு மூன்று மணியைவிடப் பொருத்தம். கனவு நித்திரை ஆக நீளமாக வருவது அப்போதுதான். இடையில் தேநீர் குடிக்காதீர்கள். பொழுது வெளித்துவிடும், ஆகவே கண்ணுக்கு ஒரு கறுப்புத் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஆறரைக்குத் தெருவில் பாண்காரனின் சத்தம் கேட்க முன்னர் முடித்துக்கொள்ளுங்கள்.